அத்தை கேட்டைத் தாண்டிய நாள்

"இன்னைக்கு விட்டா அவ்வளவுதான். நாளைக்கு ஆடி பொறந்துருது" என்றாள் எழிலரசி, கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே.

"பொறந்தா பொறக்கட்டும். ஆடி போனா ஆவணி வராதா?" என்றாள் மாமியார் மாதம்மாள்.

"மார்கழியிலயும் இதையேதான் சொன்னீங்க. மார்கழி போனா தை வராதான்னு."

"வந்துச்சா இல்லியா?"

"தை வந்துச்சு அத்தை. உங்க அண்ணந்தான் வரல."

மாதம்மாள் தட்டில் இருந்த தோசையில் ஒரு விள்ளலைக் கிள்ளி, சட்னியில் தோய்த்து, வாய்க்குக் கொண்டுபோகாமல் தட்டிலேயே வைத்தாள். ஒரு தோசையை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டிருப்பது இப்போதெல்லாம் அவளுக்குச் சாதாரணம்.

ஐப்பசி மழையில் மாமனார் மாதையன் கண்ணை மூடினார். அன்றிலிருந்து மாதம்மாள் அரூரில் இருக்கும் இந்த வீட்டின் கேட்டைத் தாண்டவில்லை. தாண்டக் கூடாது என்று யாரும் காவல் நிற்கவில்லை. குடும்ப வழக்கம் அப்படி. புருஷனைப் பறிகொடுத்தவளைப் பிறந்த வீட்டார் வந்து, புதுப்புடவை கொடுத்து, கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போக வேண்டும். அதற்கப்புறம்தான் கடை, கோயில், கல்யாணம், காதுகுத்து எல்லாம். மற்ற வீடுகளில் முப்பது நாளில் முடிந்துவிடுகிற காரியம்.

இங்கே முடியவில்லை. கருமாதி முடிந்த கையோடு, மொரப்பூரில் இருக்கும் அண்ணன் பச்சியப்பனுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வெளியே வராத தங்கையால் போய்ப் பார்க்க முடியவில்லை. தேறி எழுந்த அண்ணனோ, "வூடு தேடி வந்து வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிட்டா வர்றேன்" என்று உட்கார்ந்துவிட்டார். மாதம்மாளின் மகன் சிவக்குமார், "பொறந்த வூட்டுக்காரங்க தானா வரணும். நாம போயிக் கூப்பிட்டா, அம்மாவை வூட்டை விட்டு அனுப்பற மாதிரி ஆயிரும்" என்று அவனும் உட்கார்ந்துவிட்டான். இரண்டு ஆண்களும் உட்கார்ந்ததில், நடக்க வேண்டியவளும் சேர்ந்து உட்கார்ந்துபோனாள்.

இரண்டு பக்கமும் மதில் ஒட்டிய வீடு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். பகலெல்லாம் டி.வி. முன்னால் தூக்கம், ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழிப்பு. கால் வீக்கம், எலும்பு வலி, பசியின்மை. ஆஸ்பத்திரிக்குப் போவது மட்டும் கணக்கில் சேராது. ஆட்டோ கேட்டுக்கு உள்ளேயே வந்து நிற்கும். அதிலேயே ஏறி, அதிலேயே இறங்குவாள்.

போன வாரம் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னது எழிலரசியின் காதிலேயே நின்றது. "மாத்திரை எழுதித் தர்றேன், சாப்பிடட்டும். ஆனா இந்தம்மாவுக்கு வேண்டியது வெயிலும் காத்தும் நாலு மனுஷங்க மொகமும். வெளியில நடந்தா தூக்கம் வரும், பசி வரும், காலு பலப்படும். இப்படியே வூட்டுக்குள்ள இருந்தா இன்னும் ஒரு வருஷத்துல படுக்கையில இருந்து எழுப்பறதே கஷ்டமாயிரும்."

இன்னும் ஒரு வருஷம். அதில் ஒரு மாதத்தை ஆடிக்குக் கொடுக்க எழிலரசி தயாராக இல்லை. கணக்கு டீச்சர் அவள். நேற்றே பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டாள்.

"நான் மொரப்பூர் போறேன்" என்றாள், சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்த சிவக்குமாரிடம்.

"நீ போனா நான் போன மாதிரிதானே? எத்தனை தடவை சொல்றது உனக்கு?"

"நான் உங்க பொண்டாட்டியா போகலீங்க. உங்க மாமா எனக்கு என்ன மொறை?"

"பெரியப்பா மொறை."

"பெரியப்பா வூட்டுக்குப் பொண்ணு போறா. இதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?"

சிவக்குமார் மேல் பட்டனைக் கீழ் ஓட்டையில் மாட்டிவிட்டு, அதைக் கழற்றி மறுபடியும் மாட்டினான். மின்வாரிய ஆபீசில் எத்தனையோ புகார்களுக்குப் பதில் சொல்கிறவன்.

"மாமா வர மாட்டாரு" என்று மட்டும் சொன்னான்.

"வராட்டி நான் மட்டும் திரும்பி வர்றேன். பொம்பளைங்களுக்கு பஸ்ஸு ஓசிதானே."

உள்ளே இருந்து மாதம்மாளின் குரல் வந்தது. "போறவ, எனக்காகப் போறேன்னு சொல்லிராத. ரொம்பத்தான் ஏங்கிக் கெடக்கறான்னு நெனச்சுக்குவாரு."

---

மொரப்பூரில் இறங்கி ரயில்வே கேட்டைத் தாண்டினால் பச்சியப்பன் வீடு. டி.வி. சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. உள்ளே அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரு காலத்தில் ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளம் நெடுக நடந்தே சம்பளம் வாங்கியவர். இப்போது அந்த மனிதரின் கால்களைச் சால்வை போர்த்தி முக்காலியில் தூக்கி வைத்திருந்தார்கள். ஆனி மாதத்தில் சால்வை.

"வா எழிலு" என்றாள் மகள் பானுமதி. அப்பாவைப் பார்த்துக்கொள்ளவே புருஷனோடு இந்த வீட்டிலேயே இருப்பவள். "சிவக்குமார் மாமா வரலியா?"

"நான் வந்ததே போதும்கா."

கொண்டுவந்த தட்டை டீப்பாய் மேல் வைத்தாள். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். "பெரியப்பா, உங்க தங்கச்சியை வெளிய கூட்டியார வாங்க."

பச்சியப்பன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். தட்டைப் பார்த்தார். "யாரு சார்புல வந்திருக்கற?"

"உங்க பொண்ணு சார்புல."

"எம் பொண்ணு இங்க நிக்கறா."

"ஒரு பொண்ணுதான் இருக்கணுமா? பெரியப்பான்னு கூப்புடறதெல்லாம் சும்மாவா?"

அவர் மீசைக்குள் ஏதோ அசைந்தது. சிரிப்பா, பல்செட்டைச் சரிசெய்தாரா, தெரியவில்லை.

பானுமதிதான் முந்திக்கொண்டாள். "இல்ல எழிலு. அப்பாவுக்கு வெயில் ஆகாது."

"டாக்டர் சொன்னாராக்கா?"

"அவரு சொல்லல. நாந்தான் சொல்றேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"காலையிலயும் சாயங்காலமும் மெதுவா நடக்கச் சொன்னாரு."

"நடக்கறாரா?"

"நடக்கறாரே, இந்த ஹால்ல."

"என்னத்த நடக்கறது?" என்றார் பச்சியப்பன். "ஒரு பக்கம் போனா செவுரு. திரும்புனா இன்னொரு செவுரு. ஜெயில்ல இருக்கறவனுக்குக் கூட அரை மணி நேரம் வெளிய வுடறாங்களாம்."

"நான் ஜெயிலராப்பா உங்களுக்கு?" பானுமதி அவர் சால்வையை இழுத்துவிட்டாள். "அன்னைக்கு நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு நீங்க வுழுந்தப்ப வூட்டுல நான் ஒருத்திதான் இருந்தேன். ரோட்டுல வுழுந்திருந்தா? யாரு தூக்கியிருப்பாங்க?"

எழிலரசி அவள் கையைப் பிடித்தாள். இந்தப் பயம் அவளுக்கும் தெரிந்ததுதான். குளியலறையில் வாளி உருண்டால் போதும், "அத்தை" என்று கத்திக்கொண்டு ஓடுகிறவள்தானே அவளும்.

"அக்கா, எங்க டாக்டரம்மா ஒன்னு சொன்னாங்க. வுழுந்துருவாங்கன்னு உக்கார வெக்கறோம். உக்காந்து உக்காந்து காலு சத்து போயிருது. அதுக்கப்புறம் வூட்டுக்குள்ளயே வுழுவாங்களாம். நான் கூடவே இருக்கறேன். வெயில் ஏறினா நெழல்ல நிப்போம். தண்ணி பாட்டில் இருக்குது."

பானுமதி மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டு மணி பஸ்ஸுல ஏத்தி அனுப்பிரணும். சாப்பாட்டுக்கு இங்க இருக்கணும்."

"அனுப்பறேன்."

"சத்தியமா?"

"சத்தியமாக்கா."

அந்தச் சத்தியம்தான் சாயங்காலத்துக்குள் அவளைப் படுத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

"பானு," என்றார் பச்சியப்பன், சால்வையை உதறிவிட்டு. "பீரோ மேல் தட்டுல, என் ஸ்வெட்டருக்கு அடியில ஒரு கவர் இருக்கும், எடு."

கவரில் புடவை இருந்தது. கரும்பச்சை, மாம்பழ மஞ்சள் பார்டர்.

"இது எப்பப்பா வாங்கினீங்க?"

"கார்த்திகையில. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியே. நீ மருந்துக் கடையில நின்னுக்கிட்டு இருந்தப்ப, எதுத்தாப்புல ஜவுளிக் கடை."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கார்த்திகையில் புடவை வாங்கி வைத்துவிட்டு ஆனி வரைக்கும் வீராப்பு பேசியிருக்கிறார் மனிதர்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். காற்று முகத்தில் அடிக்க, வழியெல்லாம் மரவள்ளிக் காடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே பேசினார்.

"வெத்தல பாக்குன்னு சொன்னதெல்லாம் சும்மா சொன்னதும்மா."

"தெரியுதுங்க பெரியப்பா."

"எம் மவ வாசலுக்குக்கூட வுட மாட்டேங்கறான்னு தங்கச்சிகிட்ட எப்படிச் சொல்லுவேன்? ஊரெல்லாம் நடந்தவன் நான். அதுக்கு, மொறை பாக்கறவன்னு பேர் வாங்கறதே மேல்னு இருந்துட்டேன்."

எழிலரசி பாட்டில் மூடியைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

---

வீட்டுக்கு வந்தபோது மாதம்மாள் தலைக்குக் குளித்து, முடியை ஆற்றி முடித்து, ஒன்றும் தெரியாதவள் போல டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். டி.வி. ஓடவே இல்லை.

"வாங்கண்ணா."

"எளைச்சுப் போயிட்டியே மாதம்மா."

"நீங்க மட்டும் என்னவாம்? சட்டை தோள்ல நிக்கல."

அவ்வளவுதான் பேச்சு. இத்தனை மாதத்துக்கும் சேர்த்து அழுதுவிடுவார்களோ என்று பயந்த எழிலரசி, காபி போடப் போனாள். திரும்பி வந்தபோது புடவையைப் பற்றிச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"இந்த வயசுல இந்தக் கலரா?"

"பிடிக்கலன்னா குடு. பானுவுக்குக் குடுத்துடறேன்."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கற பழக்கம் இன்னும் போகலியா உங்களுக்கு?" என்றபடி மாதம்மாள் புடவையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டிக்கொண்டு வந்தாள். படி இறங்கினாள். கேட்டருகே வந்ததும் நின்றுவிட்டாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பச்சியப்பன் கையை நீட்டினார்.

"வா தாயி. வெளிய வா."

மாதம்மாள் அந்தக் கையைப் பிடித்தாள். வலது காலை எடுத்து வைத்தாள். தெருவில் நின்றாள். வெயில் சட்டென்று முகத்தில் விழ, கண்ணை இடுக்கிக்கொண்டாள்.

எதிர் வீட்டு கோகிலவாணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், அப்படியே ஓடி வந்தாள். "மாதம்மாக்கா, தெருவுக்கு சிமென்ட் ரோடு போட்டாச்சு. திறப்பு விழாவுக்கு நீங்கதான் பாக்கி."

"ரிப்பன் எங்கடி?"

மாதம்மாள் இப்படிப் பதிலுக்குப் பதில் பேசி எத்தனை நாளாயிற்று என்று எழிலரசி யோசித்துப் பார்த்தாள்.

வெளியே வந்தவளை முதலில் தண்ணீர் இருக்கும் இடத்துக்குத்தான் கூட்டிப்போக வேண்டும் என்பதும் வழக்கம். ஏரிக்கரை அவர்கள் தெருவிலிருந்து அதிக தூரமில்லை. ஆனாலும் மாதம்மாள் ஒவ்வொரு கரண்ட் கம்பத்துக்கும் நின்றாள். பாதி வழியில், "என்னால ஆகாது, ஆட்டோவைக் கூப்பிடு" என்றாள்.

"ஆட்டோவுல போனா ஆஸ்பத்திரிக் கணக்குல போயிரும்" என்றாள் எழிலரசி. "அடுத்த கம்பம் வரைக்கும்தானே அத்தை? அங்க நெழல் இருக்குது பாருங்க."

"பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களை இப்படித்தான் ஏமாத்துவியா?"

"அதுங்க உங்களை மாதிரி அடம் புடிக்காதுங்க."

ஆனால் வேடிக்கை பார்க்கப் பார்க்க மாதம்மாள் கம்பங்களை மறந்துபோனாள். யார் வீட்டுக்கு மாடி வந்திருக்கிறது, எந்தக் கடை மூடிவிட்டது, வேப்பமரத்தை ஏன் வெட்டினார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. எதிரே வந்த எருமைகளுக்கு ஒதுங்கி நின்றாள். நிழல் வந்தது, அதையும் தாண்டி நடந்தாள். பச்சியப்பன்தான் பின்னால் நின்று மூச்சு வாங்கினார்.

"ரயில்வேக்காரரே, வண்டி லேட்டா?" என்றாள் தங்கை.

"சிக்னல் இல்ல" என்றார் அண்ணன்.

கரை மேல் ஆடிக் காற்று முன்கூட்டியே வந்துவிட்டிருந்தது. புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். மாதம்மாள் மட்டும் நிழலை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து, ஏரியைப் பார்த்து, முதுகை வெயிலுக்குக் காட்டி உட்கார்ந்தாள்.

"முதுகுல வெயில் ஏறுது எழிலு. யாரோ கை வெச்சு அழுத்தி வுடற மாதிரி இருக்குது."

அண்ணனும் தங்கையும் பேசினார்கள். மாதையனைப் பற்றியும் பேசினார்கள். அவர் இதே கரையில் வலை போட்டு ஒரே ஒரு கெண்டை பிடித்து, அதற்கு ஊரையே விருந்துக்குக் கூப்பிட்ட கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். வீட்டுக்குள் அந்தப் பேரை எடுத்தாலே கண் கலங்குகிற அத்தை, இங்கே சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பேச்சு நின்றது. எழிலரசி திரும்பிப் பார்த்தாள். மாதம்மாள் மரத்தின் வேரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தைத் தூக்கம். பச்சியப்பன் உதட்டில் விரலை வைத்து, எழுப்பாதே என்று சைகை காட்டினார்.

விழித்ததும் முதலில் கேட்டது: "இங்க வடை போடுவானே ஒருத்தன், இன்னும் இருக்கானா?"

இருந்தான். மாதம்மாள் இரண்டு வடை தின்றாள். அண்ணன் ஆசையாகக் கையை நீட்ட, "உங்களுக்கு எண்ணெய் ஆகாது" என்று மூன்றாவதையும் தானே எடுத்துக்கொண்டாள். அவருக்கு வாழைப்பழம்.

மணி பன்னிரண்டை நெருங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு சிவக்குமார் வந்துவிடுவான், குழம்பு வைக்கவில்லை.

"நீ போ" என்றாள் மாதம்மாள். "நாங்க பொடி நடையா வர்றோம். இதோ இருக்குது வூடு."

"பெரியப்பாவுக்கு ரெண்டு மணி பஸ்ஸு."

"எனக்கு மணி பாக்கத் தெரியாதா? மாத்திரை கூட சட்டைப் பையிலதான் இருக்குது. நீ போம்மா" என்றார் பச்சியப்பன், மகா சாதுவாக. அந்தச் சாதுத்தனத்தைப் பார்த்தே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

---

குழம்பு கொதித்து இறங்கியது. சிவக்குமார் வந்து, காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தான்.

"அம்மா எங்க?"

"வெளிய போயிருக்காங்க."

அந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. "மாமா வந்தாரா? நெஜமாவா?"

"வந்தாரு. நடந்தாங்க. அத்தை மூணு வடை சாப்பிட்டாங்க."

"மூணா?"

சாப்பிட்டுக் கை கழுவியும் அவர்கள் வரவில்லை. சிவக்குமார் பைக்கை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனான். திரும்பி வந்து கேட்டருகே நின்று தலையை ஆட்டினான். இரண்டு மணி பஸ் போய்விட்டிருந்தது. எழிலரசி பெரியப்பாவுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அடித்து ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் அவர் நம்பரிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியது மாதம்மாள். பின்னால் ஹாரன் சத்தமும், பூக்காரியின் கூவலும்.

"எழிலு, நாங்க தருமபுரி பஸ் ஸ்டாண்டுல இருக்கோம்."

"தருமபுரியிலயா? அங்க எதுக்கு அத்தை?"

"ஏரியில தண்ணி குட்டையா கெடக்குதுன்னு அண்ணன் சொன்னாரு. வெளிய வந்த பொம்பள ஓடற தண்ணியைப் பாக்கணுமாம். ஒகேனக்கல் பஸ்ஸு நிக்குது. ராத்திரிக்குப் பென்னாகரத்துல சுகுணா வூட்டுல தங்கிக்குவோம். எங்க சித்தி மவ, உனக்குத் தெரியுமே. போன் பண்ணிச் சொல்லிட்டோம்."

சிவக்குமார் போனைப் பிடுங்கினான். "ஏம்மா, உனக்கு அறிவிருக்குதா? முட்டி வலிக்குது முட்டி வலிக்குதுன்னு..."

"வலிக்கத்தாண்டா வலிக்குது. வூட்டுல உக்காந்திருந்தப்ப மட்டும் வலிக்கலியா? பஸ்ஸு எடுக்கறான், வெய்யி."

வைத்துவிட்டாள்.

சிவக்குமார் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபமாகத்தான் தொடங்கினான், ஆனால் முகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. "அம்மா குரல் கணீர்னு இருக்குது இல்ல?" என்றான். எழிலரசி சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

அவன் கையில் போன் மறுபடியும் அதிர்ந்தது. திரையில் பானுமதி.

"உங்க மாமன் பொண்ணு. நீங்களே பேசுங்க" என்றாள் எழிலரசி.

"உனக்கு அக்கா மொறை. நீதான் பேசணும்."

"பொண்ணெடுக்கற மொறையில இருக்கறவர் நீங்க. உங்க மேலதான் அவளுக்கு மரியாதை."

"சத்தியம் பண்ணிக் கூட்டிட்டு வந்தது யாரு?"

போன் அடித்து நின்றது. இருவரும் மூச்சு விட்டார்கள். அடுத்த நொடி மறுபடியும் அடித்தது. அதே சமயம் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நிற்க, அதிலிருந்து, காதில் போனை வைத்தபடியே, பானுமதி இறங்கினாள்.